அப்பாயியின் அறைக்குச் சூடு போகவில்லை: கூடுதல் ரேடியேட்டர் போட்ட ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையில் ஒரு வீடு. அங்கே ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த வெந்நீர் வெப்பமூட்டும் அமைப்பில் மூன்று ரேடியேட்டர்களைக் கூடுதலாகப் போட்டார்கள். வெந்நீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புப் பெட்டிதான் ரேடியேட்டர். எந்த அறைக்காகப் போட்டார்களோ அந்த அறை சூடாகவில்லை. அதோடு முன்பு இல்லாத ஓர் ஆபத்தும் வீட்டுக்குள் வந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். 2024 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை நடந்ததை வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன். ஐரோப்பாவில் ஆறு வருடம் இந்த வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். நம் மலையகத்தில் இப்படியான வீடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். ஆனாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்காக இதைச் செய்துகொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதனால்தான் இதை விவரமாகவே எழுதுகிறேன்.

பின்னணி

வீடு வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. ஒன்றரை அடிக் கருங்கல் சுவர், தகரக் கூரை, அதன் கீழே பலகை சீலிங். தரையும் பலகைதான், அதற்கடியில் ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடைவெளி. உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர். ஜனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத இரவுகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும், தேயிலைக் கொழுந்து கருகும். அந்தக் குளிர் தகரத்தின் வழியே நேராக வீட்டுக்குள் இறங்கும்.

வீட்டில் மூன்று பேர். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அவர் மனைவி, அதிபரின் அம்மா. அம்மாவுக்கு வயது 84. மூச்சு இழுப்பும் மூட்டு வலியும் உண்டு. பேரப்பிள்ளைகள் அப்பாயி என்று கூப்பிடுவதால் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அவர் அப்பாயிதான். எனக்கும் அப்படியே.

2019இல், வெளிநாட்டில் இருக்கும் மகள் செலவு செய்து வெப்பமூட்டும் அமைப்பைப் போட்டுக்கொடுத்தார். குசினியை ஒட்டிய அறையில் விறகு பாய்லர். அதன் பெயர்த்தகட்டில், தண்ணீருக்குக் கொடுக்கும் வெப்பம் 12 கிலோவாட் என்று இருந்தது. கூரைக்குள் ஒரு சின்னத் தொட்டி, தண்ணீர் விரிந்தால் ஏறி வழிய அதற்கு மேலே வளைந்து நிற்கும் திறந்த வென்ட் பைப். ஹாலில் இரண்டு ரேடியேட்டர், சாப்பாட்டு அறையில் ஒன்று, பெரிய படுக்கையறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று என மொத்தம் ஐந்து. முதல் நான்கும் பம்பில் ஓடுபவை. குளியலறை ரேடியேட்டர் மட்டும் வேறு வகை. அதுவும் சுடுநீர் சிலிண்டரும் பம்பே இல்லாமல், சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ஆறிய தண்ணீர் கீழே இறங்கும் 28 மி.மீ. பைப்பில் ஓடுபவை. கதையின் முக்கால் பங்கு அந்த ரேடியேட்டரைச் சுற்றித்தான்.

அப்பாயியின் அறை வீட்டின் பின் கோடியில் இருக்கிறது. 2019இல் அவர் பதுளைப் பக்கம் இன்னொரு மகனோடு இருந்ததால் அந்த அறைக்கு எதுவும் போடவில்லை. 2023இல் அவர் இங்கே வந்தார். அந்த நவம்பரில், வழக்கமாக வீட்டுக்கு வேலை செய்யும் பிளம்பர் பாஸ் ஒருவர் மூன்று ரேடியேட்டரைக் கூடுதலாகப் பொருத்தினார். அப்பாயி அறையில் 2.4 கிலோவாட் அளவில் ஒன்று, பின்பக்க நடைபாதையிலும் மகள் வந்தால் தங்கும் சின்ன அறையிலும் 1.6 கிலோவாட் அளவில் ஒவ்வொன்று. வேலை சுத்தமாகவே இருந்தது. ஒட்டிய மூட்டு ஒன்றுகூடக் கசியவில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்ல அந்த வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

கரண்ட் போன இரவு

2024 ஜனவரி முதல் வாரம், இரவு ஏழரை மணி அளவில் கரண்ட் போனது. அரைமணி நேரத்துக்கு முன்புதான் பாய்லரில் விறகை நிறைய அடுக்கியிருந்தார்கள். பம்ப் நின்றது. இருபது நிமிடத்துக்குள் பாய்லர் கடகடவென்று அடிக்கத் தொடங்கியதாகவும், யாரோ உள்ளே இருந்து சுத்தியலால் தட்டுவது போல இருந்ததாகவும் டீச்சர் சொன்னார். பிறகு கூரைக்குள் வென்ட் பைப் வழியாகக் கொதிநீர் பீய்ச்சி அடித்தது. நடைபாதைச் சீலிங் பலகை இடுக்கெல்லாம் ஆவியும் சொட்டுமாக இறங்கியது. அதிபர் எரிகிற கட்டைகளை இடுக்கியால் எடுத்துத் தகர வாளியில் போட்டு வெளியே கொண்டுபோய் வைத்திருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நெருப்பில் தண்ணீர் ஊற்றலாமா என்று நினைத்தாராம். நல்லவேளை ஊற்றவில்லை, சூடேறிய பாய்லருக்குள் தண்ணீர் ஊற்றினால் ஆவி முகத்தில் அடிக்கும், இரும்பு வெடித்தாலும் வெடிக்கும். பாய்லரின் காற்றுக் கதவை மூடிவிட்டுத் தள்ளி நிற்பதுதான் முதலில் செய்ய வேண்டியது.

அடுத்த நாள் எனக்கு அழைப்பு வந்தது. ஆனால் ஃபோனில் அதிபர் கேட்டது இதைப் பற்றி அல்ல. "தம்பி, மூணு போட்டும் அம்மாவோட அறைக்குப் பத்தல. இன்னும் ஒண்ணு போட்டா சரி வருமா?" என்பதுதான் அவர் கேள்வி. கொதித்த விஷயத்தைக் கடைசியில், கரண்ட்காரர்கள் மேல் ஒரு குறையாகத்தான் சொன்னார்.

முதல் நாள் பார்த்தது

நேரே குளியலறைக்குப் போனேன். ரேடியேட்டரின் மேல் மூலையில் புத்தம் புதிய தெர்மோஸ்டாட் வால்வு, அறையின் சூட்டைப் பார்த்துத் தானாகத் திறந்து மூடுவது. நட்சத்திரக் குறியில், அதாவது ஏறக்குறைய மூடியே வைத்திருந்தார்கள். நவம்பரில் மற்ற அறைகளுக்கு வாங்கியபோது ஒன்று மிஞ்சியதாம். 'இதுக்கு மட்டும் வால்வே இல்லையே' என்று பாஸ் நல்ல மனதோடு அதையும் போட்டுக்கொடுத்திருக்கிறார்.

விறகு பாய்லரைக் காஸ் பாய்லர் போல நினைத்த நேரத்தில் அணைக்க முடியாது. பம்ப் நின்றாலும் நெருப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்தச் சூடு போக எப்போதும் திறந்திருக்கும் ஒரு வழி வேண்டும். அதற்காகத்தான் வால்வே இல்லாமல், பம்ப் இல்லாமல் ஓடும் ஒரு ரேடியேட்டரை வைப்பது. வேலை செய்பவர்கள் அதை 'ஹீட் லீக்' என்பார்கள். அதை மூடிய பிறகு மிஞ்சியது சுடுநீர் சிலிண்டர் மட்டும்தான். அதுவும் அந்த நேரத்தில் ஏற்கனவே சூடாகி நிறைந்திருந்தது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நம் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரி வரை பொறுத்திருக்காது, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் பருப்பு வேக ஏன் அத்தனை நேரம் எடுக்கிறது என்று கேட்டால் அடுப்படியில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். 80 டிகிரியில் ஓடும் திறந்த அமைப்புக்குக் கொழும்பில் 20 டிகிரி இடைவெளி இருக்கிறது என்றால், இங்கே 14தான்.

கூரைக்குள் ஏறிப் பார்த்தேன். பிளாஸ்டிக் தொட்டியின் மூடி வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. தொட்டியின் ஒரு பக்கம் உள்வாங்கித் தொய்ந்திருந்தது. அடியில் தாங்கும் பலகை மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு அது கிழிந்து, கொதிநீர் மொத்தமும் நடைபாதையில் கொட்டியிருக்கும். கையை மெதுவாக உள்ளே விட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அது தப்பு, அந்தத் தொட்டித் தண்ணீர் குளிர்ந்தே இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே வென்ட் பைப்பிலிருந்து விட்டு விட்டுத் தண்ணீர் விழுந்தது. பின் அறைகளுக்குச் சூடு போகவில்லை என்று பம்பை மூன்றாம் வேகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தள்ளுதலில் தண்ணீர் வென்ட் வழியாக மேலேறித் தொட்டியில் விழுந்து, காற்றை அள்ளிக்கொண்டு மறுபடி உள்ளே போகிறது. காற்று உள்ளே போனால் இரும்பு துருப்பிடிக்கும். அப்பாயி அறை ரேடியேட்டரின் காற்றுத் திருகை ஒரு சுற்றுத் திறந்தேன். முதலில் காற்று, பிறகு கறுப்பு மை போலத் தண்ணீர். டீச்சர் வாரம் ஒரு முறை இப்படிக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தாராம்.

அப்புறம்தான் அப்பாயியைப் பார்த்தேன். கட்டிலில் சுவெட்டர், கம்பளி, தலைக்கு மப்ளர். கட்டிலுக்கடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குனிந்தேன். கரிச்சட்டி. பாதி சாம்பல் மூடிய நெருப்பு. சன்னல் இடுக்கெல்லாம் பத்திரிகைத் தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். குளிர் வராமல் இருக்கத்தான்.

"தம்பி, அந்த வெள்ளைப் பெட்டி சும்மா நிக்குது. இந்தச் சட்டிதான் என்னய காப்பாத்துது" என்றார்.

எனக்கு வயிறு கலங்கியது. கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனொக்சைட்டுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. அடைத்த அறையில் தூங்குகிறவரை அது எழுப்பாமலே கொண்டுபோய்விடும். ரேடியேட்டர் வேலை செய்யாததன் உண்மையான விலை இதுதான் என்று அப்போது பட்டது. அந்தச் சட்டி கட்டிலுக்கடியிலிருந்து வெளியே போக வேண்டும். மற்ற எல்லாக் கணக்கும் அதற்காகத்தான்.

அளந்ததும் கணக்கும்

அன்று மாலை பாய்லரை வழக்கம்போல எரிக்கச் சொல்லி, மூன்று மணி நேரம் கழித்து, இரவு எட்டரைக்கு அளந்தேன். வெளியே 9 டிகிரி. பாய்லரிலிருந்து புறப்படும் தண்ணீர் 62. ஹால் ரேடியேட்டருக்குள் போவது 61, வெளியே வருவது 57. அதாவது தண்ணீர் அவ்வளவு வேகமாகப் பாய்கிறது, நான்கு டிகிரியைத்தான் விட்டுவிட்டுப் போகிறது. ஹாலில் 23 டிகிரி. அதிபர் சட்டை பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாயி அறையில் உள்ளே போவது 52, வெளியே வருவது 31. சொட்டுச் சொட்டாக வருகிறது, வந்ததையெல்லாம் ரேடியேட்டர் உறிஞ்சிவிடுகிறது, போதவில்லை. கட்டிலருகே 14.5 டிகிரி.

மச்சான் ஒருவன் என்னோடு வேலைக்கு வருவான். டார்ச்சோடு தரைக்கடியில் தவழ்ந்துபோய்ப் பைப் எப்படி ஓடுகிறது என்று பார்த்து வந்தான். மூன்று புது ரேடியேட்டருக்கும் தண்ணீர் பெரிய படுக்கையறைக்குப் போகும் 15 மி.மீ. கிளையின் முனையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் பத்துப் பதினொரு டிகிரி வித்தியாசத்தில் ஓடும்போது 15 மி.மீ. செப்புப் பைப்பில் அதிகபட்சமாக 6 கிலோவாட் அளவுதான் கொண்டுபோகலாம். படுக்கையறையின் 1.8, புதிய மூன்றின் 5.6 எனச் சேர்த்தால் 7.4 ஆகிறது. அதுவும் கிட்டத்தட்ட 18 மீட்டர் தூரத்துக்கு. மேலே எந்த உறையும் சுற்றாமல், காற்று அடிக்கும் இடைவெளியில் அம்மணமாக ஓடுகிறது. போக, வர 36 மீட்டர். மீட்டருக்கு 25 வாட் என்று வைத்தாலும் ஒரு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவான சூடு மண்ணுக்கும் எலிக்கும் போகிறது. அப்பாயி அறைக்கு அன்றிரவு கிடைத்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அதிபர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவர். அவருக்கு இப்படிச் சொன்னேன்: "சேர், ஒரே பீலித் தண்ணிதான். மேல் லயத்துக்காரங்க குழாயை முழுசா திறந்து வச்சிருந்தா கீழ் லயத்துக்குச் சொட்டுதான் வரும். கீழ இன்னொரு குழாய் போட்டா என்ன ஆகும்?" உடனே பிடிபட்டுவிட்டது. ரேடியேட்டர் சூட்டை உண்டாக்காது, பாய்லர் கொடுப்பதைப் பங்கு போடத்தான் செய்யும்.

அடுத்து அறையின் கணக்கு. 4 மீட்டருக்கு 3.6, உயரம் 3.2. இரண்டு பக்கம் வெளிச் சுவர், ஒற்றைக் கண்ணாடிச் சன்னல், மேலே வெறும் பலகையும் தகரமும். சுவர், கண்ணாடி, சீலிங், தரை, இடுக்குக் காற்று எல்லாம் சேர்த்து, வெளியே இருப்பதைவிட உள்ளே ஒரு டிகிரி கூட்டி வைக்க 114 வாட் தேவை. வெளியே 5, உள்ளே 20 என்றால் 1.7 கிலோவாட். இதில் சீலிங் வழியாக மட்டும் கால் பங்கு போகிறது.

ரேடியேட்டரில் 2.4 கிலோவாட் என்று எழுதியிருக்கிறதே என்று அதிபர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த எண், தண்ணீரின் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி கூடுதலாக இருக்கும்போது கிடைப்பது. 60இல் போய் 50இல் திரும்பும் தண்ணீரும் 20 டிகிரி அறையும் என்றால் வித்தியாசம் 35தான், கிடைப்பது 1.5 கிலோவாட். ரேடியேட்டர் வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சறுக்கும் இடம் இது. 1.7 வேண்டும், 1.5தான் வரும். ஆனால் சீலிங்குக்கு மேலே மூன்று அங்குலக் கண்ணாடிக் கம்பளி விரித்தால் தேவை 1.4க்குக் கீழே இறங்கும். அப்போது இருக்கிற ரேடியேட்டரே போதும்.

பாய்லர் போதுமா? எட்டு ரேடியேட்டரையும் 35 டிகிரி வித்தியாசத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் 9.5 கிலோவாட். தகட்டில் 12. காகிதத்தில் போதும். விறகை எடுத்து ஒன்றோடொன்று தட்டினேன். காய்ந்த விறகு 'டங்' என்று ஒலிக்கும். இது சதையில் அடித்தது போலச் சத்தம். யூகலிப்டஸ்தான், வெட்டி மூன்று மாதம் ஆகவில்லை, அதிலும் மூடுபனி படும் பக்கம் அடுக்கியிருந்தார்கள். பிளந்து ஈரமானியை வைத்தால் 38 சதவீதம் காட்டியது. ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கும் விறகு கிலோவுக்கு 4 கிலோவாட் மணி அளவுக்குத் தரும். பாதி தண்ணீராக இருக்கும் பச்சை விறகு அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்; எரிவதற்கு விறகே பாதிதான் இருக்கிறது, அதன் சூட்டிலும் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும். புகைபோக்கிக்குள் தார் பளபளவென்று படிந்திருந்தது.

எடுத்த முடிவுகள், ஏன்

முதல் முடிவு அன்றைக்கே. குளியலறை வால்வைக் கழற்றி, இடையில் எதுவும் இல்லாமல் நேர்ப் பைப்பாக இணைத்தேன். அதை முடிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. மச்சான் டார்ச் பிடிக்க, இரவு பத்தரைக்கு முடிந்தது. பாய்லர் அறையின் காற்று ஓட்டையில் குளிருக்காகச் சாக்கு திணித்திருந்தார்கள். அதையும் பிடுங்கி எறிந்தேன். நெருப்பு எரியும் அறைக்கு வெளிக்காற்று வந்தே ஆக வேண்டும்.

கரிச்சட்டி விஷயத்தில் நான் கேட்டது முழுதாக நடக்கவில்லை. வேலை முடியும் வரை பெரிய படுக்கையறைக்கு மாறச் சொன்னோம். அப்பாயி மறுத்துவிட்டார். அவர் சன்னலிலிருந்து தோட்டத்து மாரியம்மன் கோயில் தெரியும். காலையில் எழுந்து அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி. கட்டாயப்படுத்த யாருக்கும் மனமில்லை. கடைசியில், சட்டி சாயங்காலம் மட்டும் இருக்கலாம், சன்னல் இரண்டு விரல் திறந்திருக்க வேண்டும், அவர் படுக்கும் முன்பு டீச்சர் தன் கையாலேயே அதை வெளியே எடுத்துவைக்க வேண்டும், கட்டிலில் சுடுதண்ணிப் பை வைக்க வேண்டும் என்று பேசி முடித்தோம். அரைகுறை ஏற்பாடுதான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரிய வேலைகளில், பின்பக்கத்துக்குப் பம்பை அடுத்த இடத்திலிருந்தே தனியாக 22 மி.மீ. பைப் இழுப்பது என்று தீர்மானித்தோம். 22 மி.மீ. பைப்பில் 13 கிலோவாட் வரை கொண்டுபோகலாம். தேவையைவிட அதிகம், ஆனால் தூரம் இருப்பதால் பம்பைக் குறைந்த வேகத்தில் வைக்க அது உதவும். பைப் முழுக்க நுரை உறை. நடைபாதை ரேடியேட்டரைக் கழற்றிவிடச் சொன்னேன். அந்த நடைபாதையின் கதவு பின் விறாந்தைக்குத் திறந்தே கிடப்பது. அங்கே போடும் சூடு வெளியேதான் போகும். "காசு கொடுத்து வாங்கினதாச்சே தம்பி" என்று அதிபர் இரண்டு நாள் யோசித்தார். டீச்சர்தான், "அம்மாவுக்குப் போறத அது பிடுங்குதுன்னா எதுக்குங்க?" என்று முடித்துவைத்தார். சின்ன அறை ரேடியேட்டரை இருக்கவிட்டோம், மகள் வரும்போது மட்டும் திறப்பதாக.

கரண்ட் போனாலும் பம்ப் ஓட ஒரு சின்ன இன்வேர்ட்டரும் 100 ஆம்பியர் மணி பேட்டரியும். பம்ப் இழுப்பது 60 வாட். ஆறு மணி நேரத்துக்கு 360 வாட் மணி, பேட்டரியில் பாதியைக்கூடத் தாண்டாது. இது வசதிக்கு. பாதுகாப்புக்கு இருப்பது குளியலறை ரேடியேட்டர்தான். பேட்டரி ஒருநாள் சாகும். இதை அதிபரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

வேலை நடந்த விதம்

செப்புப் பைப்பும் புதுத் தொட்டியும் கொழும்பிலிருந்து வரத் தாமதமாகி, பெப்ரவரி கடைசியில்தான் தொடங்கினோம். பழைய தண்ணீரை வடித்தபோது முதல் இரண்டு வாளி தாரைக் கரைத்தது போல வந்தது. ஊற்றுத் தண்ணீரில் மணலும் வருவதால் நிரப்பும் குழாயில் வடிகட்டி வைத்து, தெளியும் வரை ஐந்து முறை அலசி, துரு தடுக்கும் திரவம் கலந்து நிரப்பினோம். பம்பை முதல் வேகத்துக்கு இறக்கினேன். மறுநாள் தொட்டியில் கைவிட்டபோது தண்ணீர் சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு எனக்குக் கொடுத்த நிம்மதி கொஞ்சமல்ல.

பிறகு பேலன்ஸ், அதாவது ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் தண்ணீரை அளவாகப் பங்கிடுவது. ஒவ்வொரு ரேடியேட்டரின் கீழ்ப்பக்கத்திலும் மூடி போட்ட ஒரு திருகு வால்வு இருக்கும். வீட்டுக்காரர் தொடாதது, வேலைக்காரர் ஒருமுறை அமைத்துவிட்டு மூடிவைப்பது. எல்லாவற்றையும் முழுசாகத் திறந்துவிட்டு, பாய்லருக்கு அருகில் இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாக நெருக்கிக்கொண்டு வர வேண்டும். கால் சுற்று திருப்பினால் அரைமணி நேரம் காத்திருந்து, போகும் சூட்டையும் வரும் சூட்டையும் அளக்க வேண்டும். எல்லாவற்றிலும் வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் வந்தால் பங்கு சரி. ஹாலில் இருந்த இரண்டும் கடைசியில் முக்கால் சுற்று மட்டுமே திறந்து நின்றன. முதல் மாலை செய்தது வீணாகிவிட்டது. ஈர விறகில் நெருப்பு ஏறி இறங்கி, நான் அளக்கும் எண் எல்லாம் ஆடியது. தெரிந்த ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் அடுப்புக்காகக் கொட்டகையில் காயவைத்திருந்த விறகில் ஒரு மூட்டை கேட்டு வாங்கிவந்து, மறுநாள் முதலிலிருந்து செய்தேன்.

மார்ச்சில் அப்பாயி அறைச் சீலிங்குக்கு மேலே கண்ணாடிக் கம்பளி விரித்தோம். ஒரே நாள் வேலை. அன்று மாலையே வித்தியாசம் தெரிந்தது.

பின்னர் நடந்தது

வேலை முடிந்த கையோடு, அதிபரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நல்ல நெருப்பு எரியும்போது பம்பையும் இன்வேர்ட்டரையும் வேண்டுமென்றே நிறுத்தினேன். காற்றுக் கதவை மூடினோம். குளியலறை ரேடியேட்டர் தொட முடியாதபடி சூடேறியது. பாய்லர் 70, 78, 84 என்று ஏறி, 86இல் நின்று, நாற்பது நிமிடத்தில் இறங்கத் தொடங்கியது. கொதிக்கவில்லை. அதிபர் அந்த நாற்பது நிமிடமும் உட்காரவே இல்லை.

ஏப்ரலில் ஒரு சின்னப் புகார். அப்பாயி அறை ஒரு நாள் சூடு, ஒரு நாள் இல்லை. போய்ப் பார்த்தால் சன்னல் திரை நீளமாகத் தொங்கி, ரேடியேட்டரின் தெர்மோஸ்டாட் தலையை மூடியிருந்தது. திரைக்குள் அடைந்த சூட்டை அறையின் சூடு என்று எண்ணி அது மூடிக்கொள்கிறது. டீச்சர் திரையைச் சன்னல் மட்டத்துக்கு வெட்டித் தைத்தார். அதன் பிறகு அந்தப் புகார் இல்லை.

விறகுக்கு அதிபர் கொட்டகை கட்டினார். மேலே தகரம், இரண்டு பக்கம் காற்றுப் போக இடைவெளி. விறகைப் பிளந்துதான் அடுக்குகிறார்கள், இந்த வருடம் வெட்டியதை அடுத்த வருடம்தான் எரிக்கிறார்கள்.

2025 ஜனவரியில் இரண்டு இரவு தங்கி அளந்தேன். இரவு ஒன்பதுக்குக் கட்டிலருகே 19.5, மறுநாள் 20. பத்தரைக்கு நெருப்பு அடங்கியது. விடிய ஐந்து மணிக்கு, வெளியே 5 டிகிரி இருக்கும்போது, உள்ளே 16.5. ஹாலில் 23லிருந்து 20க்கு இறங்கியதை அதிபர் முதல் வாரம் குறையாகச் சொன்னார், இப்போது பழகிவிட்டது. தள்ளுவண்டிக் கணக்கில் நாளுக்கு நான்கு வண்டி எரிந்த விறகு இப்போது மூன்றுதான். அந்த வருடம் அப்பாயிக்கு இழுப்புக் குறைவாக இருந்ததாக டீச்சர் சொன்னார். அது ரேடியேட்டராலா, புகை போனதாலா, மருந்தாலா என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை. கரிச்சட்டி வெளியே கோழிக்குத் தீனி வைக்கும் இடத்தில் கிடந்தது. அப்பாயி என்னைக் கண்டதும், "வெள்ளைப் பெட்டி இப்ப பேசுது தம்பி" என்றார். தண்ணீர் ஓடும் மெல்லிய சத்தத்தைச் சொல்கிறார்.

மறுபடி செய்தால்

சீலிங்கைத்தான் முதலில் செய்வேன். பைப்புக்காக ஆறேழு வாரம் காத்திருந்தோம். கண்ணாடிக் கம்பளி நுவரெலியாவிலேயே அன்றைக்கே கிடைத்திருக்கும், ஒரு நாளில் விரித்திருக்கலாம். குழாய் வேலைக்காரன் என்பதால் என் புத்தி முதலில் குழாய்க்குத்தான் போனது. அந்த ஆறேழு வாரமும் ஒவ்வொரு மாலையும் அந்தச் சட்டி அந்த அறையில் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது.

கார்பன் மோனொக்சைட் அலாரம் ஒன்றை முதல் நாளே மாட்டியிருக்க வேண்டும். மகளிடம் சொல்லி ஏப்ரலில்தான் வந்தது. இப்போது பாய்லர் அறையில் ஒன்றும் அப்பாயி அறையில் ஒன்றும் இருக்கின்றன.

இன்னொன்று, காகிதம். 2019இல் இதைப் போட்டவர்கள் எந்தப் பைப் எங்கே போகிறது, எந்த ரேடியேட்டரைத் தொடக்கூடாது என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தால், நவம்பரில் வந்த பாஸ் அந்த வால்வைப் போட்டிருக்க மாட்டார். நானும் முதலில் வாயால்தான் சொல்லிவிட்டு வந்தேன்; ஏப்ரலில் திரைக்காகப் போனபோதுதான் உறைத்தது. அன்றே முழு அமைப்பையும் ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு ரேடியேட்டரின் அளவும் திருகு எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்பதும் குறித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பாய்லர் அறைக் கதவின் உட்பக்கம் ஆணி அடித்தேன். குளியலறைச் சுவரில், ரேடியேட்டருக்கு மேலே, ஒரு தகரத் துண்டில் எழுதித் திருகாணியால் முடுக்கியிருக்கிறது: "இதற்கு வால்வு போடக்கூடாது. மூடக்கூடாது. கரண்ட் போனால் பாய்லர் சூடு போகும் வழி இது." தமிழிலும் சிங்களத்திலும். சிங்கள வரியை அந்தப் பிளம்பர் பாஸே தன் கையால் எழுதிக்கொடுத்தார்.